லேடெக் என்று பணம் வாங்கி, வேர்டில் அடித்துக் கொடுத்தார்கள்

மட்டக்களப்பு நகரில் ஆய்வேடு அச்சடிக்கக் கொடுக்கப்போகும் இறுதியாண்டுப் பிள்ளைகளே, குறிப்பாகக் கணினி படிப்பவர்களே, முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 14 பக்கம் பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய செய்நிரல். லேடெக்கில்தான் வேண்டும் என்றார் மேற்பார்வையாளர்; கட்டளைகளோடு எழுதிய மூலக் கோப்பிலிருந்து பக்கங்களை அமைத்துத் தரும் மென்பொருள் அது. எனக்கு நேரமில்லை, சோம்பலும்தான். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் விசாரித்தேன். "லேடெக்ஸ்தானே தங்கச்சி, ஒரு கிழமையில் முடித்துத் தருகிறோம், மூலக் கோப்பும் தருவோம்" என்றார் கடைக்கார அண்ணன். ரப்பர் பாலைச் சொல்வதுபோல் சொன்னார். அதில் நான் சந்தேகப்படவில்லை. LaTeX என்ற பெயரின் கடைசி எழுத்து எக்ஸ் அல்ல, கிரேக்க எழுத்து, அதனால்தான் லேடெக் என்கிறோம் என்பது எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பேசிய தொகை 12,000 ரூபாய்; பாதியை அங்கேயே கொடுத்தேன்.

கிழமை ஒன்று இரண்டானது. கடைசியில் வந்த பிடிஎஃபைத் திறந்தால் நெஞ்சு பதறியது. நான் கொடுத்த கோப்பை விட்டுவிட்டு, அச்சுப் பிரதியைப் பார்த்து யாரோ புதிதாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். வரித் தொடக்கத்துக் கட்டளைகள் எல்லாம் பெரிய எழுத்துக்கு மாறியிருந்தன. நேரான மேற்கோள் குறிகள் சுருண்டிருந்தன. இவற்றையாவது தேடித் திருத்தலாம். உள்தள்ளலைத்தான் காணவே இல்லை! சீ என்ற கணினி மொழியென்றால் நெளிந்த அடைப்புக்குறிகள் காப்பாற்றியிருக்கும். பைதானில் எந்த வரி, திரும்பத் திரும்ப ஓடும் எந்த வளையத்துக்குள் இருக்கிறது என்பதை இடதுபக்க வெற்றிடம்தான் சொல்கிறது. "கோணல்மாணலாக இருந்தது, நேராக்கிவிட்டோம்" என்றார் அண்ணன், பெருமையாக.

திருத்தித் தரச் சொன்னேன். இம்முறை செய்நிரலைக் கணினித் திரையில் திறந்து, அந்தத் திரையைப் படமெடுத்தே ஒட்டியிருந்தார்கள். கறுப்புப் பின்னணியில் மங்கலான எழுத்து, பக்கம் முழுக்க மை. அதற்கு வர்ண அச்சுக் கட்டணம் வேறு.

மூலக் கோப்பைக் கேட்டேன். அழிந்துவிட்டதாம். பிடிஎஃபின் பண்புகளைத் திறந்து பார்த்தேன்: உருவாக்கிய மென்பொருள், மைக்ரோசாப்ட் வேர்ட். லேடெக்கில் செய்திருந்தால் அந்த இடத்தில் பொதுவாக, லேடெக்கை இயக்கும் பிடிஎஃப்டெக் போன்ற ஒரு நிரலின் பெயர் இருக்கும். மாதிரிப் பக்கம் ஒன்றை வாங்கி முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு இரண்டு இரவு விழித்து நானே செய்தேன். லேடெக் இலவசம், அதிலுள்ள லிஸ்டிங்ஸ் தொகுப்புக்குச் செய்நிரல் கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுதட்டச்சே தேவையில்லை. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவையும், நீண்ட வரியை மடிப்பதையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மடிக்கச் சொல்லாவிட்டால் வரி ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். மேற்கோள் குறி நேராக நிற்கவும் ஓர் அமைப்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு விடிந்துவிட்டது.

6,000 ரூபாய் திரும்பி வரவில்லை. மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்றாம் தடவை அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள், காலை ஒன்பதரைக்கு.