ஜிப்மர் நியூராலஜி ஓபி: தம்பியோட கைநடுக்கத்துக்கு காரணம் காப்பர்னு கண்டுபிடிச்ச இடம்

தம்பிக்கு 17 வயசு. ப்ளஸ் ஒன் அரைப்பரீட்சை பேப்பர் வீட்டுக்கு வந்தப்பதான் முதல்ல கவனிச்சோம், வரி ஆரம்பத்துல எழுத்து ஒழுங்கா இருக்கு, போகப்போக சின்னதாகி கடைசில எறும்பு ஊர்ன மாதிரி கோணிக்கிட்டு போயிருக்கு. சோம்பேறித்தனம்னு அப்பா திட்டினாரு. அப்புறம் பேச்சு குழற ஆரம்பிச்சுது, வாயோரம் எச்சில் ஒழுகுது, டம்ளர புடிச்சா டீ தளும்புது, ஒண்ணுமில்லாததுக்கு கோவம் வந்து கதவ படார்னு சாத்துறான். கடலூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், படிப்பு டென்ஷன்னு சொல்லி மனசுக்கான மாத்திரை குடுத்தாரு. எட்டு மாசம் போட்டான், உடம்பு இன்னும் விறைச்சுதே தவிர ஒண்ணும் குறையல. ஆயா சொல்லி மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு.

அப்புறம்தான் புதுச்சேரி கோரிமேட்டுல இருக்குற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு போனோம். கூட்டம் இருக்கும், விடியக்காலைலயே கிளம்பிடுங்க. ஆனா நியூராலஜில பார்த்த டாக்டரம்மா எங்கள அவசரப்படுத்தவே இல்ல. தம்பிய ரெண்டு முழங்கையையும் மடக்கி நெஞ்சுக்கு நேரா வெச்சுக்க சொன்னாங்க, வெச்சதுதான் தாமதம், கோழி றெக்கை அடிக்கிற மாதிரி கை ரெண்டும் படபடன்னு ஆடுது. உடனே டார்ச் அடிச்சு கண்ண பாத்துட்டு கண் டிபார்ட்மெண்டுக்கு அனுப்பினாங்க. கை நடுங்குதுன்னு வந்தா கண்ண எதுக்கு பாக்குறாங்கன்னு எனக்கு புரியல. அங்க ஸ்லிட் லேம்ப்னு கண்ண பெருசாக்கி பாக்குற மெஷின்ல பார்த்துட்டு ஸ்கிரீன்ல எனக்கும் காட்டினாங்க. கருவிழி ஓரத்த சுத்தி பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு வளையம், வெளக்காம போட்ட செம்புக் குடத்துல களிம்பு பிடிச்சிருக்குமே, அப்படியே அந்த நிறம். அது நெஜமாவே செம்புதான்னு அப்புறம்தான் சொன்னாங்க.

வில்சன் நோய். சாப்பாட்டுல வர்ற காப்பர்ல மிச்சத்த ஈரல் பித்தத்தோட வெளிய அனுப்பணும், அந்த வேலைய பாக்குற ஜீன் பழுதா இருந்தா காப்பர் மொதல்ல ஈரல்ல சேருது, அப்புறம் மூளைலயும் கண்லயும் போய் படியுது. சுமார் 30,000 பேர்ல ஒருத்தருக்கு வருமாம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தாதான் நோய் வரும். சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டாங்க. எங்க அப்பா அம்மாவுக்கு தாய்மாமன். அம்மா தலைய குனிஞ்சுட்டாங்க, டாக்டரம்மா அவங்க கைய புடிச்சு இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா, பரம்பரையா வர்ற மூளை நோய்ல மருந்து இருக்குற சிலதுல இது ஒண்ணுன்னு சொன்னாங்க. 1912ல வில்சன்ங்குற டாக்டர் இத எழுதினப்ப வந்தவங்க பொழைக்கல, 1956ல பெனிசிலமைன்னு, சேர்ந்த காப்பர யூரின்ல வெளியேத்துற மருந்து வந்தப்புறம்தான் நிலைமை மாறிச்சாம்.

செருலோபிளாஸ்மின்னு ஒரு ரத்த டெஸ்ட், எம்ஆர்ஐ, அப்புறம் 24 மணி நேர யூரின். இந்த யூரின் டெஸ்ட்ட நல்லா கேட்டுக்கோங்க, காலைல மொதல்ல போறத விட்டுட்டு அதுக்கப்புறம் மறுநாள் காலைல மொதல்ல போறது வரைக்கும் ஒரு சொட்டு விடாம அவங்க சொல்ற கேன்ல பிடிக்கணும், உலோக பாத்திரம் கூடவே கூடாது.

அப்புறம் என்ன பாத்து நீங்க கூடப்பொறந்த அக்காவா, உங்களுக்கும் பாக்கணும்னாங்க. கூடப்பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, ஒண்ணும் தெரியாம உள்ளயே இருக்கும், இப்பவே மருந்து ஆரம்பிச்சா மூளைக்கு வராம தடுத்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் சரியா தூங்கல. எனக்கு இல்ல.

பெனிசிலமைன் கொஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தினாங்க, வேகமா ஏத்தினா நடுக்கம் அதிகமாகலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. வெறும் வயித்துல போடணும், கூட பி6 மாத்திரை. வாழ்நாள் முழுக்க நிறுத்தவே கூடாது, நல்லாயிடுச்சுன்னு நிறுத்தினா ஈரல் போயிடும். எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது, தீர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுடுங்க. ஈரல், நண்டு, காளான், சாக்லேட், முந்திரி எல்லாம் கட். பண்ருட்டில இருந்து பெரியப்பா மூட்டையா குடுத்து விடுற முந்திரிதான் இவனுக்கு சின்ன வயசுல இருந்து தீனி, அதான் அவனுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துது. ஆயா தண்ணி வெக்கிற செம்புக் குடத்த பரண்ல ஏத்திட்டோம்.

ஆறு மாசம் ஆச்சு. பேச்சு தெளிவாகியிருக்கு, எச்சில் நின்னுடுச்சு, எழுத்து இன்னும் முழுசா வரல. ரத்தம், யூரின் அடிக்கடி பாத்து அனுப்புறாங்க. என்கிட்ட கேட்டா அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், அந்த டாக்டரம்மா கண்ண பாத்ததுக்காகவே.

படிக்கிற புள்ளைக்கு திடீர்னு எழுத்து கெட்டு, பேச்சு குழறி, கோவம் வந்தா கண்ணுக்கு ஸ்லிட் லேம்ப் டெஸ்ட்டும் செருலோபிளாஸ்மினும் பாத்துடலாமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க. பழைய ரிப்போர்ட், எம்ஆர்ஐ ஃபிலிம், முன்னாடி போட்ட மாத்திரை சீட்டு, கூடவே ரெண்டு வருஷத்து நோட்டும் எடுத்துட்டு போங்க, எழுத்து எப்ப மாறிச்சுன்னு அதுல தெரியும். எங்க சித்தியும் சொந்தத்துலயே கட்டினவங்க, அவங்க பசங்க ரெண்டு பேரையும் அடுத்த வாரம் நான்தான் கூட்டிட்டு போறேன்.