"பக்கத்தை நீக்கும்": ஒரு டூலோடு பத்து மாதம்

எங்கள் குழுவின் விக்கியில் (எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் குறிப்புத் தளம்) பக்கங்களை அழிக்கும் டூலை, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட் கையில் கொடுத்து பத்து மாதம் ஆகிறது. போன வாரம் நண்பர் ஒருவர், "நாங்களும் போடலாமென்று இருக்கிறோம், எப்படிப் போகிறது?" என்று கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறைதான் எம்சிபி. அதன் சர்வர் என்றால் என்ன, எப்படி இணைப்பது என்பதெல்லாம் இதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. யாரும் தொடாத பழைய மீட்டிங் குறிப்புகள், ஒரே விஷயத்துக்கு மூன்று பக்கங்கள், "டெஸ்ட்", "டெஸ்ட் 2" என்று போட்டுவிட்டு மறந்தவை எல்லாம் இரண்டே மாலைகளில் காணாமல் போயின. இப்போது தேடினால் சரியான பக்கம் முதலில் வருகிறது. ஆட்களிடம் விட்டிருந்தால் இன்னும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு வரி மீது. அந்த டூலின் விளக்கம்: "பக்கத்தை நீக்கும்." அவ்வளவுதான். விளக்கம் போதாவிட்டால் மனிதர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், இல்லை சோர்ஸ் கோடைத் திறந்து பார்ப்பார். ஏஜென்ட்டை இயக்கும் மாடலுக்கு டூலின் பெயரும் அந்த வரியும் அதோடு வரும் பாராமீட்டர்களும் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள்) மட்டும்தான் தெரியும். மீதியைத் தன் பொது அறிவால் நிரப்பிக்கொள்ளும். விக்கியில் நீக்கியதைத் திரும்ப எடுக்கலாம் என்பது பொது அறிவு. அதில் தப்பும் இல்லை. விக்கி மென்பொருள்களில் ஒன்றான மீடியாவிக்கியில் நீக்கிய பக்கத்தின் திருத்தங்கள் தனி டேபிளுக்குப் போகும், நிர்வாகி மீட்கலாம். இன்னொன்றான டோக்குவிக்கியில் பக்கத்தைக் காலியாக்கிச் சேமித்தாலே நீக்கம். பழைய பதிப்புகள் 'அட்டிக்' ஃபோல்டரில் கிடக்கும். எங்கள் டூல் அப்படியில்லை. விக்கியில் குப்பைத்தொட்டி இருந்தும் அதைத் தாண்டிப் போய், பழைய பதிப்புகளோடு சேர்த்து அழித்துவிடுகிறது.

நான்காவது மாதத்தில் பட்டேன். "வரைவுகளை எல்லாம் ஒழித்துவிடு" என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒப்புதல் கேட்ட பெட்டியில் பக்கத்தின் எண் மட்டும்தான், தலைப்பு இல்லை. இருபது முறை 'சரி' அழுத்திய கை இருபத்தொன்றாவதையும் அழுத்தியது. போனது, சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று எழுதிவைத்திருந்த பக்கம். தலைப்பில் "வரைவு" என்று எப்போதோ போட்டு, எடுக்க மறந்திருக்கிறார்கள். (மறந்தது நான்தான் என்று அப்புறம் பேக்கப்பில் தெரிந்தது.) பக்கம் எங்கே என்று ஏஜென்ட்டைக் கேட்டேன். "குப்பைத்தொட்டியில் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்" என்று அவ்வளவு நிதானமாகப் பதில் சொன்னது. போய்ப் பார்த்தால் தொட்டி காலி. நான்கு நாள் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்தோம். இடையில் ஒருவர் உட்கார்ந்து சேர்த்த திருத்தங்கள் போனது போனதுதான்.

டூலை எழுதியவர்களிடம் புகார் சொன்னால், "டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் போட்டிருக்கிறோமே" என்றார்கள். "இந்த டூல் எதையாவது அழிக்கக்கூடும்" என்று சொல்ல, எம்சிபி வரையறையின் 2025 மார்ச் பதிப்பில் வந்த குறிப்பு அது. பெயரே சொல்வதுபோல் வெறும் ஹின்ட், உத்தரவாதம் இல்லை. தவிர, எதையும் குறிப்பிடாத டூலையும் அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் டிஃபால்ட். ஆக, அவர்கள் போட்டதால் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

சரி என்று விளக்கத்தை நானே மாற்றி எழுதினேன். "இந்தப் பக்கத்தையும் அதன் எல்லாப் பழைய பதிப்புகளையும் நிரந்தரமாக அழிக்கும். குப்பைத்தொட்டிக்குப் போகாது, மீட்க வழியில்லை. அழைக்கும் முன் பக்கத்தைப் படித்து, தலைப்பையும், அதற்கு இணைப்பு கொடுத்திருக்கும் பக்கங்களையும் பயனரிடம் சொல். துணைப் பக்கங்கள் இருந்தால் நிறுத்திக் கேள்." கோடில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் ஏஜென்ட்டே வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டது. "இந்தப் பக்கத்துக்கு ஆறு இடங்களிலிருந்து இணைப்பு இருக்கிறது, நிச்சயமாக அழிக்கவா?" என்று அது முதல்முறை கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பத்து மாதத்தில் மனசுக்கு நிறைவாக இருந்தது இது ஒன்றுதான். எப்போதும் அப்படியே கேட்கிறது என்று சொல்ல மாட்டேன், நீண்ட உரையாடலில் சில நேரம் தாவிவிடுகிறது. இருந்தாலும் முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஏன் இந்த எரிச்சல்? ஒவ்வொரு அப்டேட்டிலும் என் விளக்கம் போய், பழைய ஒற்றை வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் திருத்தி அனுப்பிய விளக்கத்தை டூலை எழுதியவர்கள் இதுவரை சேர்க்கவில்லை. நண்பர் கேட்பதற்கு முந்தைய நாள் மூன்றாவது தடவையாக அதை ஒட்டிக்கொண்டிருந்தேன். அதனால் அவருக்கு, "போடாதீர்கள். குப்பைத்தொட்டிக்கு நகர்த்தும் டூல் இருந்தால் மட்டும் பாருங்கள்" என்று எழுதினேன்.

"அப்படியென்றால் நீங்கள் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. நேற்று யாரோ "டெஸ்ட் 7" போட்டிருக்கிறார்கள்.