டிமேக்ஸ் 560: ரீயூனியன் சாலைகளில் தினமும் ஓட்ட ஏற்றதா?

வீடு சேன் பியேரில், வேலை சேன் தெனியில் என்று தினமும் தீவின் பாதியைக் கடப்பவர்களுக்கு யமஹா டிமேக்ஸ் 560 ஸ்கூட்டர் அருமையான வண்டி. ஊருக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு 125 சிசி ஸ்கூட்டர் போதும், இவ்வளவு காசைக் கொட்ட வேண்டாம்.

562 சிசி, இரட்டை சிலிண்டர், 35 கிலோவாட். ரூத் தெ தமரேன் விரைவுச்சாலை ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்காமல் இழுக்கிறது. அங்குள்ள உயரமான பாலங்களில் பக்கக்காற்று அடித்தாலும், 218 கிலோ எடையும் 15 அங்குலச் சக்கரங்களும் வண்டியை நேராக நிறுத்துகின்றன. குறைந்தது ஏ2 பெர்மி (நடுத்தர பைக் ஓட்டும் உரிமம்) கட்டாயம் வேண்டும். கார் பெர்மியோடு 7 மணி நேரப் பயிற்சி முடித்தவர்களுக்கு 125 வரைதான் அனுமதி.

சிலாவோஸ் மலைச்சாலையில்தான் வண்டியின் உண்மையான குணம் தெரியும். இதில் கிளட்ச் லிவர் கிடையாது. எஞ்சின் சுழற்சி குறைந்தால் கிளட்ச் தானாக விடுபடும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் நுழைந்தால், வேகம் நடைவேகத்துக்கு வரும் நேரத்தில் எஞ்சின் பிடிப்பு சட்டென்று அறுந்து வண்டி சும்மா உருளும். கியர் பைக் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முன் பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை நூலளவு திறந்தே வைத்து, இடது கையால் பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் விடாது, வண்டி குலுங்காமல் திரும்பும்.

பராமரிப்பில் முதல் கவனம் வேரியேட்டர் (கியர் இல்லாமல் தானாக வேகத்தை மாற்றும் அமைப்பு) பெல்ட்டுக்கு. 20,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மலையேற்றமே அதிகம் என்றால் அதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் பெல்ட் தேய்ந்திருக்கும். கிளம்பும்போது உதறினால் வேரியேட்டர் ரோலர்களையும் கிளட்ச்சையும் பாருங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம். லாரியிலிருந்து விழும் சோகையும் (காய்ந்த கரும்புத் தோகை) தூசியும் பெல்ட் பெட்டியின் காற்று வடிகட்டியை அடைத்துவிடும். காற்று போகாவிட்டால் பெல்ட் சூடேறிச் சீக்கிரம் தேயும், ஆகவே அந்த மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். மழையில் நனைந்த சோகைமேல் டயர் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் எண்ணெய் ஊற்றினால் நழுவ ஆரம்பிக்கும். 10டபிள்யூ-40, ஜாசோ எம்ஏ (எண்ணெயில் ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) முத்திரை உள்ளதையே வாங்குங்கள். தனியாகப் போனால் டயர் காற்று முன்னே 2.25 பார், பின்னே 2.5; பின்னால் ஆள் ஏறினால் பின்னே 2.8. கடலோரச் சாலையில் உப்பு நீர் தெறித்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முதலில் துரு பிடிப்பது போல்ட்டுகளும் சைலன்சர் இணைப்பும்தான்.

தரைப்பகுதி தட்டையாக இல்லை, நடுவே உயர்ந்த மேடு. அரிசி மூட்டையைக் காலிடையில் வைத்து வர வழியில்லை. புடவையோடு ஓட்டுவதும் சிரமம். இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர்தான் என்றாலும் அகலம் அதிகம் என்பதால் குள்ளமானவர்களுக்கு நுனிக்கால்தான் எட்டும். கடையிலேயே உட்கார்ந்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்.

திருடர்கள் குறிவைக்கும் வண்டி இது. காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் பூட்டு எது என்று கேட்டு, அதையே வாங்கி, தரையில் பதித்த வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானால் குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.