அம்மாவும் ஓட்டோவும் புங்குடுதீவு ரோட்டும்: பத்து வருடப் பாவனை

2015 ஆவணியில் இந்த ஓட்டோவை வாங்கினேன். வாடகைக்கு விட அல்ல, வீட்டுப் பாவனைக்கு. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. மோட்டார்சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏற அவவால் ஏலாது. கார் வாங்கக் கையில் காசில்லை. வாங்கியிருந்தாலும் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அதைத் திருப்ப முடியாது. மீற்றர் இப்போது 61,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு கிளினிக், சந்தை, கோயில். மிச்சம் நானும் அம்மாவும் காலையில் வெளிக்கிட்டு இருட்டுமுன் வீடு வந்த நாள்கள். இப்படியொரு வண்டியைக் குடும்பத்துக்கென்று வாங்க யோசிப்பவர்களுக்கு அந்த நாள்களைப் பற்றித்தான் கூடச் சொல்ல விரும்புகிறேன்.

நாலு ஸ்ரோக், 200 சிசிக்குச் சற்றுக் குறைந்த எஞ்சின். இடக்கைப் பிடியில் கிளட்ச்சைப் பிடித்துத் திருகினால் முன்னுக்கு நாலு கியர். ரிவேர்ஸுக்குத் தனியாக ஒரு தடி. சட்டப்படி முச்சக்கரவண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர்தான். வாங்கின புதிதில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. பஸ்காரர் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கும்போது வெட்கமாகவும் இருந்தது. இப்போது 30க்கும் 35க்கும் இடையில்தான் ஓட்டுகிறேன். அந்த வேகத்தில் எஞ்சின் இரையாது, பின்சீற்றில் இருப்பவர் கதைப்பது முன்னுக்குக் கேட்கும். 40ஐத் தொட்டால் தகரம் எல்லாம் சேர்ந்து அதிரத் தொடங்கும், கதை நின்றுவிடும்.

மோட்டார்சைக்கிளில் இருந்து வருபவர்கள் முதலில் பழக வேண்டியது பள்ளம். இரண்டு சில்லில் பள்ளத்தை வெட்டி ஓடலாம். நாலு சில்லுக்காரர் பள்ளத்தை நடுவில் விட்டுக் கடந்துவிடுவார். இதில் அப்படி நடுவில் விட்டால் முன்சில்லு நேரே அதற்குள் இறங்கும். மூன்று சில்லுக்கும் மூன்று தடம். ஆகவே பள்ளத்தைத் தவிர்ப்பதைவிட அதற்கு முன்னரே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்கவே கூடாது, நுழையுமுன் குறைத்துவிட வேண்டும். உள்பக்கத்துப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்புவதை ஒருமுறை உணர்ந்தவனாகச் சொல்கிறேன். அன்று பின்னால் அம்மா இருக்கவில்லை, ஒரு சிமெந்துப் பையை மட்டும் ஒருபக்கமாகப் போட்டிருந்தேன். பாரத்தை எப்போதும் நடுவில் வையுங்கள்.

இனி அந்த நாள்கள். வடமராட்சிப் பக்கம் பலமுறை போயிருக்கிறோம். வல்லைவெளியில் நிறுத்திக் காற்று வாங்கி, தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனைக் கும்பிட்டு, பருத்தித்துறையில் வடை வாங்கிக்கொண்டு திரும்புவோம். புத்தூர், நீர்வேலிப் பக்கமும் நல்லது. செம்பாட்டு மண்ணும் வாழைத்தோட்டமும் வெங்காயப் பாத்தியும் கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஆனால் இந்த வண்டியின் அருமை முழுதாகத் தெரிந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுப் பக்கத்தில்தான்.

கடந்த மாசியில் ஒரு வியாழன் காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். இலையில் கட்டின புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், அவித்த பனங்கிழங்கு ஒரு பை, பிளாஸ்கில் தேத்தண்ணி. கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் திறந்தது. தை, மாசியில் அங்கே கடல் ஆழமில்லாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். தூரத்தில் பூநாரைகள் நின்றன. "நிப்பாட்டு தம்பி" என்றா அம்மா. நிறுத்தினேன். காரில் போயிருந்தால் கண்ணாடியை இறக்கி முடிக்குமுன் அந்த இடத்தைக் கடந்திருப்போம். இதில் பக்கம் முழுக்கத் திறப்பு. இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், இறங்கவேண்டிய அவசியம் அவவுக்கு இல்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்தி "வண்டி பழுதோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அல்லைப்பிட்டி, வேலணை. வங்களாவடிச் சந்தியில் ரயர்க் காற்றைப் பார்த்துவிட்டுச் சாட்டிக்குப் போனோம். சிந்தாத்திரை மாதா கோயிலடியில் நிழல் இருக்கிறது, அங்கேதான் புட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். அதன்பிறகு வாணர் தாம்போதி. கடலுக்கு நடுவால் நீளமாக, வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்துக்கொண்டு போகும் ரோட்டு. இந்த இடத்துக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாசியில் போங்கள், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்குப் போகாதீர்கள். 2017 ஆடியில் நான் அந்தப் பிழையைச் செய்தேன். முன்னாலும் இடப்பக்கத்தாலும் காற்று அறைந்தது. மேலே ரெக்சின் கூரை பாய் மாதிரிக் காற்றைப் பிடித்தது. மூன்றாம் கியரிலும் 25ஐத் தாண்ட முடியவில்லை, ஹாண்டிலைப் பிடித்த தோள் நொந்துபோனது. "என்னடா, காத்து எங்களைத் தூக்கிக் கடலுக்குள்ள போட்டிடுமே?" என்று அம்மா சீற்றின் கம்பியைப் பிடித்தா. பாதியில் திருப்பிக்கொண்டு வந்தேன். பாரம் குறைந்த வண்டி இது. அந்தக் காற்றில் அதோடு மல்லுக்கட்டுவது புத்தியல்ல.

கடந்த மாசிப் பயணத்தில் காற்று இல்லை. புங்குடுதீவில் ஏறியதும் அம்மா முன்னுக்குச் சாய்ந்து வழி சொல்லத் தொடங்கினா. அவ பிறந்த வீடு அங்கேதான். மாமா குடும்பம் 1991இல் விட்டுவந்த வீடு. பெரிய ரோட்டிலிருந்து இறங்கி, ஒரு பாழ்மதிலைச் சுற்றி, இரண்டு பக்கமும் ஈச்சம்பற்றை நெருக்கும் ஒழுங்கை. முன்பு ஒருமுறை ஒரு மச்சானின் வானில் வந்தபோது அந்த ஒழுங்கை வாயிலோடு நின்றுவிட்டோம். அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. ஓட்டோவின் அகலம் 1.3 மீற்றர்தான். கண்ணாடிகளை மடக்கிவிட்டு முதலாம் கியரில் ஊர்ந்து உள்ளே போனேன். பற்றை இரண்டு பக்கமும் தகரத்தைக் கீறியது. கீறட்டும்.

படலை இருந்த இடத்தில் ஒரு கல்த்தூண் மட்டும் நிற்கிறது. வீட்டுக்கு ஓடில்லை, சுவருக்குள்ளே வேப்பமரம் வளர்ந்துவிட்டது. கிணற்றுக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. கிணற்றடி வரை வண்டியை விட்டேன். அம்மா இறங்கி, கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. "தண்ணி கிடக்கு" என்றா. அவ்வளவுதான் சொன்னா. பிறகு தட்டிவான் காலத்துக் கதை வந்தது. கோழியும் வாழைக்குலையும் ஆக்களும் ஒன்றாக ஏறிப் போனதாம், அதிலும் இப்படித்தான் பக்கமெல்லாம் திறப்பாம், வேலிக்கு மேலால் வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டே போகலாமாம். பின்சீற்றின் இடப்பக்க மூலையில் இருந்து அம்மா ஒவ்வொரு வேலியையும் எட்டிப் பார்ப்பது ஏனென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் தேத்தண்ணி குடித்தோம். நயினாதீவுக்கு வள்ளம் ஏறவில்லை, ஏறி இறங்க முழங்கால் விடாது. துறையில் நின்றே நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வீடு வந்தபோது மீற்றரில் 84 கிலோமீற்றர் ஓடியிருந்தது. மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பெற்றோல். பத்து வருடமும் ரவுணுக்குள் லீற்றருக்கு 24, வெளியில் 27 என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

இந்தக் கணக்கை மனப்பாடமாக்கியது 2022. பெற்றோல் தட்டுப்பாட்டில், அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். ஒருமுறை தீவுக்குப் போய்வந்தால் கிழமையின் மிச்சம் இரண்டு லீற்றருக்குள். அந்த வருடம் ஒரு நாள்கூடப் போகவில்லை. அம்மாவின் கிளினிக் நாளுக்குப் பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சந்தைக்கு நான் சைக்கிளில் போனேன். 2023 புரட்டாதியில் அந்த முறை நின்றதும் முதல் போன இடம் வல்லைவெளி.

உப்புக்காற்று இந்த வண்டியின் முதல் எதிரி. தீவுக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவுகிறேன், மறுநாள் அல்ல. ஐப்பசி மழைக்கு முன் கழிவு ஒயிலைத் தூரிகையால் சட்டம் முழுக்கப் பூசுவேன். ஆனாலும் ஆறாம் வருடம் பின்சீற்றுக்குக் கீழே தகரம் பொரிந்துவிட்டது. முதல் போன கராஜில் பொரிந்த தகரத்துக்கு மேலேயே பெயின்ற் அடித்துத் தந்தார்கள், எட்டு மாதத்தில் தொட்டால் விரல் உள்ளே போனது. இரண்டாம் முறை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டினோம். காசு மூன்று மடங்கு, ஆனால் இன்றுவரை நிற்கிறது. கிளட்ச் கேபிள் மூன்று தரம் அறுந்தது, அதனால் ஒரு கேபிளும் குறடும் எப்போதும் சீற்றுக்குக் கீழே கிடக்கும். பின் ஷொக் அப்சோபர் இரண்டு தரம் மாற்றினேன். எஞ்சினை இன்னும் கழற்றவில்லை. ஒயிலை 3,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுகிறேன், காரணம் அதுவென்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்காகச் செய்த இரண்டு மாற்றம் எல்லாரும் செய்யக்கூடியது. ஏறும் பக்கத்தில் ஒரு கைபிடிக் கம்பி ஒட்டினேன். சீற்றின் பஞ்சை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தினேன். எழும்பும்போது முழங்காலுக்கு அது எவ்வளவு உதவி என்பதை அவவின் முகத்தில் பார்க்கலாம். மழைக்கு இரண்டு பக்கமும் படங்கு இருக்கிறது, ஆனால் மாரியில் சாரல் முன்னாலும் வரும். தூரப்பயணத்துக்கு மாரி சரிவராது.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு நான் வாங்கின விலையைப்போல மூன்று மடங்கு தருவதாக இரண்டு பேர் வந்து கேட்டார்கள். கொடுக்கவில்லை. வருகிற கிழமை முன்சில்லுப் பெயரிங்கை மாற்றக் கொடுக்கப்போகிறேன், இரைச்சல் கேட்கிறது. புங்குடுதீவுக் கிணற்றை இறைக்க ஆள் பிடிக்கச் சொல்லி அம்மா நெருக்குகிறா. பம்பும் ஹோஸும் பின்சீற்றில் எப்படி ஏற்றுவது என்றுதான் இப்போது அளந்துகொண்டிருக்கிறேன். அம்மாவும் கூட வருவாவாம்.