குதிரைலாடச் சிறுநீரகமும் பெருந்தமனி வீக்கமும்: மூன்று வழிகளில் எது?

இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டிக் குதிரைலாட வடிவில் அமைவது ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. பலர் அதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வயிற்றுப் பெருந்தமனி 5.5 சென்டிமீட்டர் அளவுக்கு வீங்கிவிட்டால்தான் சிக்கல். சிறுநீரகங்களை இணைக்கும் திசு தமனிக்கு நேர் முன்னே குறுக்கே கிடக்கிறது. அதைவிடக் கடினமானவை கூடுதல் சிறுநீரகத் தமனிகள். அவற்றில் சில, வீங்கிய பகுதியிலிருந்தே புறப்படும்.

வயிற்றை நடுவில் திறந்து, வீங்கிய பகுதிக்குப் பதிலாகச் செயற்கைக் குழாய் பொருத்துவது பழகிய வழி. ஆனால் குதிரைலாடத்தின் இணைப்பு கண்முன்னே மறிக்கும். அதை வெட்டினால் ரத்தம் கசியும். அது உயிருள்ள சிறுநீரகத் திசுவாக இருந்தால் சிறுநீரும் கசிந்து, புதிதாகப் பொருத்திய செயற்கைக் குழாயில் கிருமி ஏறலாம். மெல்லிய நார்த்திசு என்றால் மட்டுமே வெட்டுவதை ஏற்க முடிகிறது.

இடது விலாப்பக்கமாக, வயிற்றறையைத் திறக்காமல் பின்புறத்திலிருந்து நுழைவது இரண்டாம் வழி. சிறுநீரகத்தை முன்னோக்கி ஒதுக்கிவிட்டால் இணைப்பைத் தொடாமலே பெருந்தமனியை அடையலாம். கூடுதல் தமனிகளையும் புதிய குழாயில் தைத்துவிடலாம். வலது இடுப்புத் தமனியை எட்டுவது மட்டும் சிரமம். திறந்த அறுவையே தேவை என்றால் என் தேர்வு இதுதான்.

மூன்றாவது, தொடைத் தமனி வழியே வீங்கிய பகுதிக்குள் ஸ்டென்ட் குழாய் (கம்பி வலை தாங்கிய செயற்கைக் குழாய்) செலுத்துவது. 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடங்கிவைத்த இந்த முறையில் இணைப்புத் திசு ஒரு தடையே இல்லை. வயிற்றில் வெட்டு இல்லை, நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார். ஆனால் ஸ்டென்ட் மூடும் இடத்திலிருந்து கிளம்பும் தமனி அடைபட்டு, அது ஊட்டிய சிறுநீரகப் பகுதி செத்துப்போகும். மெல்லிய கிளை என்றால் இழப்பு பெரும்பாலும் தாங்கக்கூடியது. தடித்த கிளை, அதோடு கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏற்கெனவே உயர்ந்த நோயாளி என்றால் அந்த இழப்பு டயாலிசிஸ் வரை கொண்டுபோகலாம். தமனிகள் படத்தில் தெரிய ஏற்றும் எக்ஸ்ரே சாயமும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். பின்னர் ஆயுள் முழுதும் ஸ்கேன் கண்காணிப்பும் வேண்டும்.

ஆகவே ‘வெட்டா, வெட்டில்லாததா’ என்று தொடங்காதீர்கள். தமனிகளைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராமைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள்: சிறுநீரகத்துக்கு எத்தனை தமனிகள், எங்கிருந்து கிளம்புகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன், எதை இழக்கப் போகிறோம்?