கோல் அடிக்கிறவனா, கோல் விடாதவனா?

காரைக்குடியில் சாயங்காலம் பள்ளிப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த வாரம் செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர். மிச்சம் இருப்பது ஒரே இடம், பையன்கள் இரண்டு பேர். ஒருவன் காலில் பந்து பட்டால் கோல்தான். ஆனால் பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். இன்னொருவன் ஸ்டாப்பர், பின்வரிசையில் நின்று தடுப்பவன். அவன் கோல் அடித்து நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவனைத் தாண்டிப் போவது கஷ்டம்.

எங்கள் ஊர்ப் பக்கம் வரவை மட்டும் சொன்னால் கணக்காகாது, பற்றையும் எழுதவேண்டும். அப்படித்தான் 2017-18 ஐஎஸ்எல்லை, அதாவது இந்தியன் சூப்பர் லீகைப் பார்க்கிறேன். லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் கோவா அடித்தது 42 கோல், வாங்கியது 28. அதன் ஃபார்வர்டு கோரோமினாஸ் என்ற கோரோ மட்டும் 18 கோல் போட்டு, அந்த சீசனில் எல்லாரையும் முந்தினார். நம்ம சென்னையின் எஃப்சி அடித்தது வெறும் 24, வாங்கியது 19. பார்க்க அழகு கோவாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரையிறுதியில் இரண்டும் மோதியபோது முதல் ஆட்டம் 1-1, சென்னையில் நடந்த இரண்டாவது 3-0. கோவாவின் கோல் மழை அங்கே நின்றுபோனது. இறுதியில் பெங்களூருவை அதன் மைதானத்திலேயே 3-2 என வென்றோம். அதில் இரண்டு கோல் கார்னரில் எழும்பித் தலையால் முட்டிய மயில்சன் ஆல்வெஸ் போட்டது. அவர் ஸ்டாப்பர்! அன்றைய பயிற்சியாளர் ஜான் கிரிகோரி பின்வரிசையைக் கட்டிவிட்டு, முன்னால் கிடைத்ததை வைத்தே கோப்பை வாங்கினார்.

அப்படியென்றால் ஸ்டாப்பர் பக்கமே சாய்ந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

2013-14 இங்கிலாந்து பிரீமியர் லீகில் லிவர்பூலுக்கு சுவாரஸ் 31 கோல், ஸ்டரிட்ஜ் 21. அணி மொத்தம் 101 அடித்தது; 38 ஆட்டங்களில் 50 வாங்கியது. கிரிஸ்டல் பேலஸோடு 79ஆம் நிமிடம் வரை 3-0 என முன்னால் இருந்து, 3-3இல் முடித்தார்கள். அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. கோப்பை மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. அவர்களும் 102 அடித்தவர்கள்தான், ஆனால் வாங்கியது 37. ஆக, நிறைய கோல் அடித்தது குற்றமில்லை. லிவர்பூல் முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுத்த சுதந்திரத்துக்கு, பின்வரிசையில் யாரும் ஈடு கட்டவில்லை.

2022-23இல் அதே சிட்டியின் பயிற்சியாளராக கார்டியோலா அந்த ஈட்டைக் கட்டினார். ஹாலண்ட் லீகில் மட்டும் 36 கோல், பிரீமியர் லீக் சாதனை. அதை எல்லாரும் பேசினோம். நான் கவனித்தது பின்னால் நடந்ததை. சீசனின் கடைசிப் பகுதியில் அகான்ஜி, டியாஸ், ஆக்கே, ஸ்டோன்ஸ் என நான்கு ஸ்டாப்பர்களைச் சேர்த்து இறக்கினார். பந்து சிட்டியிடம் இருக்கும்போது ஸ்டோன்ஸ் நடுக்களத்துக்கு ஏறிவிடுவார். இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஹாலண்டுக்கு ஒரு கோலும் இல்லை. ரோட்ரி அடித்த ஒன்றே போதுமாக இருந்தது, ஏனென்றால் எதிரணி இன்டர் மிலானை ஒன்றும் அடிக்கவிடவில்லை.

மொரின்யோவின் செல்சி 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்தான் வாங்கியது. அதைப் பின்பற்ற ஆசைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைப் பதினைந்து வயதுப் பையன்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோல் அடிக்கத் தெரிந்தவனை வெளியே உட்கார்த்தினால் அவன் ஆட்டத்தையே விட்டுவிடுவான் என்ற பயமும் எனக்கு உண்டு.

அதனால் இரண்டு பேரையும் இறக்குகிறேன். கோல்கீப்பருக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் இரண்டு பேர் இனி மூன்று, நடுவில் அந்த ஸ்டாப்பர். போவது ஒரு விங்கர். நேற்றே அவனிடம் சொல்லிவிட்டேன், முகம் வாடிப்போனான். ஃபார்வர்டு பையனுக்கு ஒரே நிபந்தனை: பந்து போனால் எதிரணியின் பின்வரிசை ஆளை நோக்கிப் பத்து அடி ஓடவேண்டும். மிச்சத்தைப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.