ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர்களே, ஃபயர் அலாரம் பேனலின் பச்சை விளக்கை நம்பிவிடாதீர்கள்

1,48,000 ரூபாய். ஃபயர் அலாரத்தைச் சரிசெய்கிறோம் என்று இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எங்கள் விடுதியின் இரண்டாம் மாடி முழுவதையும் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்றுதான் பேனலை, அதாவது எல்லா டிடெக்டர்களின் வயர்களும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியை, திறந்து பார்த்தோம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

மலைமேல் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் மூடுபனி வராந்தா வழியாக உள்ளே புகுந்துவிடும். புகை டிடெக்டருக்குள் ஒரு சின்னக் கூடு உண்டு. அதற்குள் ஒளி பாய்ந்துகொண்டே இருக்கும். துகள் பட்டு ஒளி சிதறினால் அலாரம் அடிக்கும். அது புகையா பனியா என்று டிடெக்டருக்குத் தெரியாது. நள்ளிரவில் ஹூட்டர் என்ற அலாரம் ஒலிப்பான் அலற, விருந்தினர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். போதாததற்கு, பேனலில் இரண்டாம் மாடி சோனுக்கு (அந்த மாடி டிடெக்டர்களின் பிரிவுக்கு) உரிய மஞ்சள் ஃபால்ட் விளக்கும், அதாவது பழுதைக் காட்டும் விளக்கும், அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

எல்லா வேலைக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் தேடியபோது சேலத்து நிறுவனம் ஒன்று கிடைத்தது. செயலியில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரை இருந்தது. தை மாதம் அந்த ஆள் நேரில் வந்தான். கொட்டும் பனியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி வந்தவன், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். டார்ச் அடித்து ஒவ்வொரு டிடெக்டராகப் பார்த்தான். “அண்ணா, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதில் நான் விளையாட மாட்டேன்” என்றான். நான் கேட்ட எதற்கும் தடுமாறாமல் பதில் சொன்னான். வராந்தா ஓரத்து டிடெக்டர்களை உள்ளே தள்ளி மாட்ட வேண்டும், சமையலறைக்கு வெப்ப டிடெக்டர்தான் சரி என்று அவன் சொன்னது அத்தனையும் உண்மை. தொழில் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்!

இரண்டாம் மாடிக்குப் புது டிடெக்டர்கள், இரண்டு புது பேட்டரிகள், வயர் வேலை, ஓராண்டுப் பராமரிப்பு, எல்லாம் சேர்த்து 1,48,000 ரூபாய். இன்வாய்ஸில் ‘ஐ.எஸ். 2189 தரப்படி’ (தீ அலாரங்களுக்கான இந்தியத் தரம்) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வேலை முடிந்ததும் என்னைப் பேனல் முன்னால் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினான். எல்லா மாடியிலும் ஹூட்டர் அலறியது. மஞ்சள் விளக்கு போய்ப் பச்சை விளக்கு எரிந்தது. “பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்று சிரித்தான். மொத்தப் பணத்தையும் அப்போதே அனுப்பிவிட்டேன்.

அதன்பிறகு ஒரு பொய் அலாரம்கூட இல்லை. இருக்காதுதான்.

போன மாதம் இரண்டாம் மாடி அறை ஒன்றில் சுவிட்ச் போர்டு கருகி, தாழ்வாரம் முழுக்கப் புகை சூழ்ந்துவிட்டது. துணி எடுக்கப் போன பையன் நெடியை உணர்ந்து மெயினை அணைத்ததால் தப்பித்தோம். ஹூட்டர் மூச்சுவிடவில்லை. பேனலில் அப்போதும் அதே பச்சை விளக்கு.

மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கும் என் மைத்துனர் நேற்று வந்து பேனலைத் திறந்தார். “மாமா, மாடியிலிருந்து வரும் வயர் இங்கே சேரவே இல்லை” என்றார். வயரின் இரு முனைகளையும் கறுப்பு டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள். அந்த சோனின் வயர் வந்து சேர வேண்டிய டெர்மினலில் அரிசிமணி அளவு ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று முறுக்கி மாட்டப்பட்டிருந்தது. அது இருக்க வேண்டிய இடம் மாடியில், கடைசி டிடெக்டரில். பேனல் அதன் வழியாக மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் வயர் அறுந்தால் ஓட்டம் நின்று ஃபால்ட் காட்டும். அறுந்த இடத்தைத் தேடச் சோம்பல்பட்டு, ரெசிஸ்டரைப் பேனலிலேயே மாட்டி, எல்லாம் சரியாக இருப்பதாகப் பேனலையே நம்பவைத்திருக்கிறான். அன்று அவன் அழுத்திய பொத்தான் ஹூட்டரை மட்டும் அடிக்கவைப்பது. டிடெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

‘புது’ டிடெக்டர் ஒன்றைக் கழற்றினோம். அதன் ஓரத்தில் எங்கள் பெயிண்டர் முன்பு சிந்திய வெளிர்நீலத் துளி அப்படியே இருந்தது. பேட்டரியில் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை உரித்தால் அடியில் 2018 என்று பொறித்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் சில நிமிடங்களில் பேனல் செத்துவிட்டது. மே மாதக் கோடை விழாவின்போது எங்களிடம் ஒரு அறைகூடக் காலி இல்லை. கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் அந்த மாடியில்தான் தூங்கினார்கள். பணத்தைவிட இதுதான் நெஞ்சைப் பிடுங்குகிறது.

புகை வந்த அன்றே அவனை அழைத்தேன். மலையில் மழை என்றான். அடுத்த முறை டெக்னீசியன் ஓசூரில் இருக்கிறார் என்றான். அதற்கும் அடுத்து, மேலே வந்து பார்க்கத் தனிக் கட்டணம் என்றான், ஓராண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து 1,48,000 வாங்கியவன்! பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டான். என் மனைவியின் கைப்பேசியிலிருந்து அழைத்தால், விடுதியின் பெயரைக் கேட்டதும் துண்டித்தான். செயலிக்காரர்களோ, “நாங்கள் தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பதோடு சரி” என்றார்கள். மறுநாளே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. யார் தீர்த்தது? 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். காவல் நிலையத்திலும் மனு கொடுக்கப் போகிறேன். 1,48,000 ரூபாயைச் சும்மா விடுவதாக இல்லை.

சொல்கிறேன் என்றதை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பேனல் பொத்தானை அழுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாடியின் கடைசி டிடெக்டரில் சோதனைப் புகையை அடிக்கச் சொல்லுங்கள். பேனலில் அந்த சோன் எரிய வேண்டும். எங்களுடையதைப் போன்ற சோன் பேனலாக இருந்தால் ஒரு டிடெக்டரைக் கழற்றிப் பாருங்கள், ஃபால்ட் காட்டாவிட்டால் விஷயம் இருக்கிறது. பேட்டரியில் ஸ்டிக்கருக்கு அடியிலும் பாருங்கள். கழற்றிய பழைய டிடெக்டர்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் மாடியைப் பூட்டி வைத்திருக்கிறேன். வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேட வேறு ஆள் வந்திருக்கிறார். போய் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.